பதினோரு இலைப் பொங்கல்

மத்தியானம் பன்னிரண்டரை வரைக்கும் நவமணிக்கு அது நல்ல நாளாகத்தான் இருந்தது.

அவள் பார்த்துக்கொள்ளும் குதிரைக்குத் துரை என்று பெயர். ஈப்போ பட்டணத்தில் பந்தயம் ஓடி, கால் வலி வந்து, ஓய்வு பெற்ற வெள்ளைக் குதிரை. பந்தயக்காரர்கள் வைத்த நீளமான இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. காலை ஆறு மணிக்குத் தீனி வராவிட்டால் கதவை உதைத்து ஊரையே எழுப்பிவிடுவான். தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரைகளும் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நவமணி அந்தப் பெயரை வைத்தாள்.

சிம்மோர் ஊருக்கு அந்தப் பக்கம், ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பழைய தோட்டம் அது. அதில் மூன்று ஏக்கரை வாங்கிப் பல் டாக்டர் ஸ்கந்தராஜா லாயம் கட்டியிருந்தார். மூன்று குதிரைகள். சனி, ஞாயிறுகளில் ஈப்போ பிள்ளைகள் வந்து ஏறிப் பழகுவார்கள். நவமணி அங்கே ஆறு வருஷமாக வேலை செய்கிறாள். சேர்ந்த நாளில் டாக்டர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்: குதிரைகளுக்கு ஒரு வாய்கூட வெளிச்சாப்பாடு கொடுக்கக்கூடாது. அதை மூன்று மொழியில் பலகையில் எழுதிக் கதவிலும் தொங்கவிட்டார்.

அன்று மாட்டுப் பொங்கல். ஒரே குறை, மாடு இல்லை. தோட்டத்து வீடுகளில் இராமசாமி வைத்திருந்த கடைசிப் பசுவும் மூன்று வருஷத்துக்கு முன் லோரி ஏறிவிட்டது. போன வருஷம் பானைக்குப் பக்கத்தில் காலண்டர் பசுவை நிறுத்திக் கற்பூரம் காட்டினார்கள். படம் பொங்கல் தின்னாது, கும்பிட்டவர்களுக்கும் மனசு நிறையவில்லை. இந்த வருஷம் அங்கேயே குடியிருக்கும் தினேஸ்வரி ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை போட்டாள். ‘நம்ம நவமணிக்கா குதிரை இருக்குல்ல? நாலு காலு, ஒரு வாலு, வேற என்னா வேணும்?’ பதினாறு வீட்டிலிருந்தும் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன.

அப்போதே வேண்டாம் என்று நவமணி ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். விரல் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஆசையாகக் கேட்கிறவர்களிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு இந்த ஜென்மத்தில் வராது. கல்யாண வீட்டில் நாலாவது தடவை பாயசம் ஊற்ற வந்தாலும் இலையை மூடத் தெரியாதவள். கூடவே, மறைப்பானேன், கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஊரே தேடி வந்து கும்பிடும் பிராணியை வளர்க்கிறவள் அவள்தானே.

காலை ஏழு மணிக்குத் துரையைக் குளிப்பாட்டி முற்றத்து ரம்புத்தான் மரத்தடியில் கட்டினாள். மற்ற இரண்டும் கூட்டத்தைக் கண்டால் மிரளும். அவற்றைப் பின்னால் அடைத்துவிட்டாள். தினேஸ்வரி செவ்வந்தி மாலை போட்டாள். தார்ச் சடக்கு ஓரத்தில் ஐஸ் சீவிப் பாகு ஊற்றும் ஐஸ் கச்சாங் கடை வைத்திருக்கும் முத்தம்மா நெற்றியில் குங்குமம் வைத்தாள். துரை கழுத்தை வளைத்து நின்று போட்டோவுக்கு முகம் காட்டினான்.

“ஒரே ஒரு உருண்டைலா, நவமணி. வருஷத்துல ஒரு நாளுதானே?” என்று முத்தம்மா சர்க்கரைப் பொங்கலை இலையோடு நீட்டினாள்.

நவமணி தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துரை இலையையும் சேர்த்தே தின்றான். அடுத்து தினேஸ்வரி கொடுத்தாள். ஊரார் கொடுக்கும்போது வளர்த்தவள் சும்மா நிற்பதா என்று நவமணியும் ஓர் இலை கொடுத்தாள். மூன்று இலை. இத்தனை பெரிய உடம்பை மூன்று இலை என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவனை மரத்தடியிலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

காவலுக்குக் கிச்சாப் இருந்தான். சோயா கிச்சாப் போத்தலில் முக்கி எடுத்த மாதிரிக் கறுப்பு நாய். துரையின் கொட்டடியில், துரையின் வயிற்றை ஒட்டித்தான் தூங்குவான். அவன் பக்கத்தில் இல்லாவிட்டால் துரை தீனியில் வாய் வைக்க மாட்டான். தினமும் காலையில் நவமணி சாணி அள்ளக் குனியும்போது ஒருத்தன் அவள் பின்கழுத்தில் மூச்சு விடுவான், இன்னொருத்தன் அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அந்த நேரத்துக்காகவே அவள் லீவு நாளிலும் வேலைக்கு வருவாள். ஆனால் காவல் என்பது பேச்சுக்குத்தான். தின்பண்டத்தோடு வருகிற எல்லாரும் கிச்சாப்புக்குச் சொந்தக்காரர்கள்.

கோயிலிலிருந்து வந்ததும் மாலையைக் கழற்றித் துரையைக் கொட்டடியில் விட்டாள். பன்னிரண்டரைக்குத் தீனியோடு போனால், வாளிச் சத்தத்துக்கு அவன் திரும்பவில்லை. ஆறு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. முன்னங்காலால் தரையைப் பறித்தான். தலையைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தான். கழுத்தெல்லாம் வியர்வை. பிறகு முழங்காலை மடக்கி உருளப் பார்த்தான்.

வயிற்று வலியில் குதிரை உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கிவிட்டால் பிழைப்பது கஷ்டம். நவமணி தலைக்கயிற்றை மாட்டி, இழுத்து, கத்தி, கெஞ்சி அவனை எழுப்பி முற்றத்தில் நடக்கவிட்டாள். நடந்துகொண்டே மிருக டாக்டர் பிரமிளாவைக் கூப்பிட்டாள்.

“காலையிலேர்ந்து என்னா சாப்பிட்டான்க்கா?”

“புல்லு. அவனோட தீனி.”

“வேற?”

கதவில் தொங்கிய பலகை நேர் எதிரே இருந்தது. “வேற ஒண்ணும் இல்ல, டாக்டர்.”

“அப்ப காத்தா இருக்கும்லா. நடக்க வைங்க, உருள விடாதீங்க. நான் லூமுட்ல இருக்கேன். இங்க ஒரு குதிரைய முடிச்சிட்டு அஞ்சு மணிக்கு வாரேன்.”

போனை வைத்ததும் பொய் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மூன்று இலைதானே, அதைச் சொல்லி வேலையைக் கெடுத்துக்கொள்வானேன் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. துரை பத்தடி நடப்பான், நிற்பான், முனகுவான். முருகா, ஒரு தடவை சாணி போட்டுவிடட்டும், அது போதும் என்று வேண்டிக்கொண்டே இழுத்தாள். பின்னால் கிச்சாப் தலையைத் தொங்கப்போட்டு நடந்து வந்தான்.

நாலாவது சுற்றில் கிச்சாப் நின்றான். முதுகை வளைத்து இரண்டு முறை உலுக்கி, அப்படியே கக்கினான்.

சோறு. முந்திரி, திராட்சை, நெய். ஒரு பெரிய குவியல். கக்கிவிட்டு வாயை நக்கிக்கொண்டு நிம்மதியாகப் படுத்துவிட்டான். நவமணி அந்தக் குவியலையே பார்த்தாள். அவள் கொடுத்த மூன்று இலையில் ஒரு பருக்கைகூடக் கீழே சிந்தவில்லை. நாய்க்கு இவ்வளவு சிந்தியிருந்தால், குதிரைக்குள் எவ்வளவு போயிருக்கும்?

போனைத் திறந்தாள். தோட்டத்து வீடுகளின் ஸ்டேட்டஸ் எல்லாம் அன்றைக்குத் துரைதான். எட்டு நாற்பதுக்கு இராமசாமியும் பேரப்பிள்ளைகளும், கையில் ஓர் இலை. எட்டு ஐம்பதுக்கு ஷர்மினி, புதுச் சேலை, ஓர் இலை. ஒன்பதுக்கு ஒரு வீடு, ஒன்பதேகாலுக்கு ஒரு வீடு. ஒவ்வொருவரும் தாங்கள் மட்டும்தான் கொடுக்கிறோம் என்ற சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். நவமணி எண்ணிக்கொண்டே போனாள். கடைசிப் படத்தில் இலை இல்லை, சட்டியே துரையின் வாயில் இருந்தது. அதையும் ஓர் இலையாக வைத்து, காலையில் கொடுத்த மூன்றையும் கூட்டினால் பதினொன்று.

எல்லாவற்றுக்கும் முதல் படம் தினேஸ்வரி போட்டது. அதில் முத்தம்மா பொங்கல் ஊட்டுகிறாள். தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நவமணி சிரிக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால் பலகையின் மூன்று மொழியும் தெளிவாகத் தெரிந்தன.

அந்தப் படத்தை விட்டுவிட்டு மற்ற எட்டையும் பிரமிளாவுக்கு அனுப்பலாம். பழி ஊர் மேல் போகும், தான் கோயிலில் இருந்ததாகிவிடும். ஒரு நிமிஷம் அப்படியும் யோசித்தாள். அதற்குள் துரை மறுபடி முழங்காலை மடக்கினான்.

எல்லாப் படத்தையும் அனுப்பிவிட்டுப் பிரமிளாவைக் கூப்பிட்டாள். “நான் பொய் சொல்லிட்டேன், டாக்டர். பொங்கல் தின்னுருக்கான். பதினோரு இலை. நானும் குடுத்தேன். கிச்சாப்பும் தின்னுட்டு இப்பத்தான் கக்குனான்.”

பிரமிளா வேகமாகச் சொன்னாள். “நாய் கக்கிருச்சி, பொழைச்சிக்கும். திராட்சை அதுக்கு ஆகாது, அதையும் நான் வந்து பாக்கறேன். ஆனா குதிரையால கக்க முடியாதுக்கா.”

“தெரியும்.”

“இப்பவே கெளம்புறேன். மூக்கு வழியா குழா போட்டு எடுக்கணும். இவ்ளோ இனிப்பு போனா குளம்புக்குள்ள சூடு ஏறும், அப்புறம் நிக்கவே முடியாம போயிரும். நாலு காலுக்கும் ஐஸ் கட்டுங்க. எவ்ளோ கெடைக்குதோ அவ்ளோ.”

அடுத்துப் பல் டாக்டரைக் கூப்பிட்டு அதையே சொன்னாள். அவர் தன் ஊர்ப் பேச்சில் “நான் வாறன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிறகு வாட்ஸ்அப் குழுவில் அழுதுகொண்டே பேசினாள். “நம்ம பொங்கலு தொரைய கொல்லுது. வீட்ல உள்ள ஐஸ் எல்லாம் கொண்டாங்க.”

கால் மணி நேரத்தில் ஊரே வந்தது. முத்தம்மா கடைக்கு வைத்திருந்த ஐஸ் பாளங்களை மோட்டார்சைக்கிளில் ஏற்றி வந்தாள். அரிசிச் சாக்கைக் கிழித்து, ஐஸை உடைத்துப் போட்டு, குளம்பைச் சுற்றிக் கட்டினார்கள். “நான் ஒரு உருண்டைதான்லா குடுத்தேன்” என்றாள் ஷர்மினி. “நானும் ஒண்ணுதான்” என்றார் இராமசாமி. அதையே இன்னும் நாலைந்து பேர் சொன்னார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, குனிந்து ஐஸை உடைத்தார்கள்.

இரண்டரைக்குப் பிரமிளா வந்தாள். ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி எடுத்தாள். வாளியில் சோறும் திராட்சையுமாக வந்தது. எல்லாம் வரவில்லை. குடலுக்குப் போனது போனதுதான். எண்ணெய் மருந்து ஊற்றிவிட்டு, “இனிமே சாணி வரணும். அது வரலைன்னா கஷ்டம்” என்றாள்.

ஸ்கந்தராஜா வந்து திட்டவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டு, காற்சட்டையை மடித்துவிட்டு, நவமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கில் ஐஸ் திணித்தார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெகு நேரம் கழித்து, “பிரமிளா முதல் கேக்கேக்கையே ஏன் சொல்லேல்லை?” என்றார்.

“பயம், டாக்டர்.”

“என்னை நினைச்சோ, அவனை நினைச்சோ?”

நவமணி குனிந்து சாக்கின் முடிச்சை இறுக்கினாள். “உங்கள நெனச்சி.”

“அதுதான் பிழை” என்றார் அவர். அடுத்த குளம்புக்கு நகர்ந்தார்.

மூன்று மணி, நாலு மணி, ஐந்து மணி. ஐஸ் கரையக் கரைய மாற்றினார்கள். மழை பிடித்துக்கொண்டது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நவமணி துரையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஏதோ நகர்கிற சத்தம். பிறகு மறுபடி ஒன்றுமில்லை. அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் அவள் மூச்சும் நின்றது.

ஆறு மணிக்குத் துரை வாலைத் தூக்கினான். பொத்தென்று விழுந்தது, கொஞ்சம் தண்ணியாக, புளித்த நாற்றத்தோடு. முற்றம் முழுக்க ஒரே கைதட்டல். இராமசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நவமணி அந்த இடத்திலேயே மண்டி போட்டு விசும்பி விசும்பி அழுதாள். கிச்சாப் வந்து அவள் முகத்தை நக்கினான்.

“சந்தோசம்தான். ஆனா மூணு நாளு குளம்பத் தொட்டுத் தொட்டுப் பாக்கணும்க்கா. சூடு ஏறுனா ஒடனே கூப்பிடுங்க. இந்தத் தடவ மொதல் போன்லயே எல்லாத்தையும் சொல்லணும்” என்றாள் பிரமிளா.

எல்லாரும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். முத்தம்மா மட்டும் குடைக்குள் ஒரு டிபன் சட்டியோடு திரும்பி வந்தாள். “நீ காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. ரெண்டு வாய் போட்டுக்க” என்று மூடியைத் திறந்தாள். காலையில் வைத்த பொங்கல்தான். நெய் வாசம் எழுந்தது.

துரையின் காது முன்னால் வந்தது. கழுத்தை நீட்டி, மூக்கை விரித்து, டிபன் சட்டியை மோந்தான். மத்தியானத்திலிருந்து அவன் தின்பண்டத்தைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நவமணிக்குச் சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது.

முத்தம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. “பாவம்லா, ஆசையா கேக்குறான். ஒரு பருக்க...”

நவமணி மூடியைப் பிடுங்கி டிபன் சட்டியை அழுத்தி மூடினாள்.

“வேணாம்க்கா” என்றாள்.

முத்தம்மாவின் முகம் சுருங்கியது. நவமணிக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் டிபன் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, துரையின் மூக்கைத் தள்ளிவிட்டு, அவன் முன்னங்குளம்பில் கை வைத்துப் பார்த்தாள். இன்னும் குளிர்ந்துதான் இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.