கீழே ஓடிய எழுத்து

ராயபுரத்தில் சவரிநாதனிடம் பேசும்போது 'கேபிள்' என்கிற வார்த்தையை மட்டும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அன்றைக்கு அவருக்கும் சோறு இறங்காது, நமக்கும் இறங்காது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆன மனுஷன். ஆயுசுக்கும் ஒரே ஒரு டாக்குமெண்டரி எடுத்தவர். இரண்டாயிரத்து ஆறில், லீவு கிடைத்த நாளெல்லாம் எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரக்குப்பத்துக்கு ஓடி, ஆற்றில் இறங்கிக் கையால் இறாலும் நண்டும் பிடிக்கிறவர்களை வருஷம் முழுக்க எடுத்தார். ஐம்பத்திரண்டு நிமிஷப் படம். மொத்தம் நாற்பது பேர் பார்த்திருப்பார்கள், அதிலும் பாதி சொந்தக்காரர்கள் என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு, நாம் மறுத்துப் பேசுகிறோமா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்.

அந்தப் படத்தைத் தேடிக்கொண்டு வந்தவள் மெர்லின். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையை வைத்துக்கொண்டு, யாரும் சீண்டாத டாக்குமெண்டரிகளைத் தேடிப் பிடித்துக் காலேஜுக்கும் ஃபிலிம் கிளப்புக்கும் கொண்டுபோய்ப் போடுகிறவள். வெளியூரில் ஒரு ஃபிலிம் காப்பகம் அவர் படத்தை எடுத்துக் காலத்துக்கும் வைத்திருக்கச் சம்மதித்திருக்கிறது, மாசக் கடைசிக்குள் முழுப் பிரதி வேண்டும் என்று அவள் சொன்னதும் சவரிநாதனுக்குத் தலைகால் புரியவில்லை.

"மாஸ்டர் டேப் எங்க அங்கிள்?"

"அதெல்லாம் பத்திரமா கீது," என்றார்.

எங்கே பத்திரமாக இருந்தது தெரியுமா? காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில். வெளிநாட்டில் ஃபிலிமையெல்லாம் குளிரில் வைத்துத்தான் காப்பாற்றுகிறார்கள் என்று எதிலோ படித்துவிட்டு, இருந்த இரண்டு டேப்பையும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மீன் வைக்கிற அறையில் ஒரு மூலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போய் டப்பா இருக்கிறதா என்று பார்ப்பாராம். திறந்து மட்டும் பார்த்ததில்லை. மெர்லின் திறந்தாள். உள்ளே பூஞ்சை, உப்புத் தண்ணி, இறால் வாசனை.

"அங்க வெக்கிறது ஈரமில்லாத குளிர், அங்கிள்."

"ஐஸ்ல எங்கம்மா ஈரம் இல்லாம இருக்கும்?" என்று அவளிடமே கோபித்துக்கொண்டார். பிறகு அங்கேயே ஒரு மீன் கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷ உழைப்பு போய்விட்டதே என்று அழுகை முட்டியது. வேறு பிரதி இல்லையா என்று அவள் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒண்ணு கீது. எண்ணூர்ல, திலீப் வூட்டுல. ஆனா நான் போவ மாட்டேன்."

திலீப் அவரோடு ஒரே பெஞ்சில் படித்த தோஸ்து. எண்ணூரில் கேபிள் டிவி நடத்தினான். படம் முடிந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் சேனலில் போடுகிறேன் என்றான். சவரிநாதன் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் அவன் கண்ட்ரோல் ரூமிலேயே உட்கார்ந்தார். படம் ஓடியது. படத்துக்குக் கீழே எழுத்தும் ஓடியது. காதணி விழா வாழ்த்துகள். பிரியாணி அரை பிளேட்டும் கிடைக்கும். பத்து நிமிஷம் பல்லைக் கடித்தார். ஒரு பெண் தண்ணீருக்குள் முங்கிக் கை நிறைய நண்டோடு எழுந்திருக்கிற ஷாட் வந்தது. அதற்காக மூன்று நாள் கழுத்தளவு தண்ணியில் நின்றவர் அவர். அந்தப் பெண்ணின் மார்மேல் 'பழைய ஃப்ரிட்ஜ் விற்பனைக்கு' என்று ஓடியது. நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து வந்தவர்தான், பதினெட்டு வருஷம் எண்ணூர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. திலீப் வந்தால், அந்தக் கூத்தைப் பார்த்திருப்பார்களே என்கிற வெட்கத்தில் குப்பத்திலிருந்து யாராவது வந்தாலும், வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லுவார். தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார்.

"கீழ எழுத்து வர்ற இடத்த வெட்டிடலாம் அங்கிள். காப்பகத்துலயும் சுத்தமான பிரதிதான் கேக்குறாங்க," என்றாள் மெர்லின். அந்த ஒரு வாக்குறுதியில்தான் அவர் ஆட்டோவில் ஏறினார்.

திலீப் தொந்தியும் நரையுமாகக் கதவைத் திறந்தான். "வா மாமு. இத்தினி வருஷமா செருப்பு தேடிகினு இருந்தியா?"

சவரிநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு, கேசட்டைக் கொடு என்றார். சேனலில் போனதையெல்லாம் வீடியோ கேசட்டில் பதிந்து பீரோவில் அடுக்குவது திலீப்பின் பழக்கம். பீரோவுக்குள் வைப்பதற்கு அவன் எதையும் படிக்கவில்லை.

"தரேன். ஆனா முழுசா பாத்துட்டுத்தான் எடுத்துனு போவணும். போன வாட்டி பாதில எழுந்துகினே," என்றான் திலீப்.

பார்த்தார்கள். காதணி விழா போனது, பிரியாணி போனது. ஃப்ரிட்ஜ் வந்தபோது சவரிநாதன் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கீழே ஒன்றும் வரவில்லை. பிறகு மறுபடி எழுத்து ஓடியது.

'முகத்துவாரக்குப்பத்திலிருந்து: வலை கட்டுறவர் எங்க வீட்டுக்காரர்தான். சட்டை கிழிசலுக்கு மன்னிக்கவும்.'

'அத்திப்பட்டு: சவுண்டு கூட்டவும்.'

'காட்டுக்குப்பம்: எங்க ஊரை ஏன் எடுக்கவில்லை?'

'ஜெரினா டீச்சர்: எங்க பிள்ளைகளுக்காக மறுபடி போடவும்.'

சவரிநாதன் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். "இன்னாடா இது?"

"நீ போனதுமே போன் அடிக்க ஆரம்பிச்சிச்சு. வெச்சா அடிக்குது, வெச்சா அடிக்குது. ஒரே பேஜாரு. விளம்பரத்த நிறுத்திட்டு அவங்க சொல்றத டைப் அடிச்சு விட்டுகினே இருந்தேன். அப்புறம் மூணு ஞாயித்துக்கெழம திருப்பிப் போட்டேன்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"எங்க சொல்றது? நான் வந்தா, இல்லன்னு சொல்லுன்னு உள்ளேர்ந்து நீயே கத்துறியே."

மெர்லின் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சவரிநாதனுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது முந்தி என்று அவருக்கே தெரியவில்லை. கண் நிறைந்து வழிந்தது. தன் ஷாட்டை யாராவது தொட்டால் கையை ஒடிப்பேன் என்கிற மனுஷன், அதற்குப் பிறகு ஷாட்டையே பார்க்கவில்லை. வாய் அசைய அசையக் கீழே ஓடியதைப் படித்துக்கொண்டே இருந்தார். கடைசி நிமிஷத்தில் இது ஓடியது.

'டைரக்டர் தம்பி, மழை நின்னதும் வாங்க. நண்டுக் குழம்பு வெச்சுத் தரேன். நண்டோட எழுந்திருக்கிற குப்பம்மா.'

படம் முடிந்தது.

"கீழ வெட்டிட்டு அனுப்பிடட்டா அங்கிள்?" என்று மெர்லின் மெல்லக் கேட்டாள்.

"எத்த வெட்றது? ஒரு எழுத்து போவக் கூடாது."

"காப்பகத்துல ஒத்துக்கணுமே."

"நான் பேசிக்கிறேன்."

"பாவம்மா அந்தக் காப்பகத்துக்காரங்க," என்றான் திலீப் மெர்லினிடம்.

சவரிநாதன் அதைக் காதில் வாங்கவில்லை. "குப்பம்மா உசுரோட கீதாடா?"

"நல்லா கீது. இரு." திலீப் அதற்குள் போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி அவர் கையில் கொடுத்துவிட்டான்.

"யாரு?" என்றது ஒரு கட்டைக் குரல்.

"நான்தாம்மா, சவரிநாதன். படம் எடுத்தேனே. நீ அன்னிக்கு போன்ல சொன்னத இன்னிக்குத்தான் படிச்சேன்."

"இப்பத்தான் மழை நின்னுச்சா?" என்றாள் குப்பம்மா.

திலீப் தொடையைத் தட்டிச் சிரித்தான். சவரிநாதனும் சிரித்தார். "தப்புதாம்மா. இப்ப வந்தா குழம்பு வெப்பியா?"

"குழம்புக்கு இன்னா, வெக்கலாம். நண்டுக்கு எங்க போறது? ஆத்துல நான் நண்டு பாத்தே எத்தினியோ வருஷம் ஆச்சு நைனா. கையால புடிச்சேன்னு சொன்னா எம் பேரப் பசங்க கத வுடுறேன்னு சிரிக்குதுங்க. இப்ப அது உன் படத்துலதான் கீது. அத்த எடுத்துனு வா, அதுங்களுக்குக் காட்டணும்."