கோர்ட்டுக்குக் கொண்டுபோன பை

கோர்ட்டுக்குப் போகும்போதே வைஜெயந்தி பையைக் கட்டிக்கொண்டுதான் போனாள். நாலு புடவை, மகள் அமிர்தவல்லியின் பள்ளிச் சீருடை, வெள்ளிக்கிழமை சென்னைக் கப்பலுக்கு இரண்டு டிக்கெட். பின்னே என்ன? இந்தத் தீவில் அவர்கள் இருந்த மின்னி பே வீடு புருஷன் சிவபிரகாஷ் பேரில் இருக்கிறது. அடித்தவன் வீட்டில் காலை நீட்டிப் படுப்பான், அடி வாங்கியவள் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற வேண்டும். அவள் பார்த்த நியாயம் அவ்வளவுதான். கப்பல் ஏறும் ஜெட்டிவரை அவன் மறிக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தாள்.

அவனிடமிருந்து பாதுகாப்பு கேட்டுப் போட்ட மனுவில் வீட்டையும் கேட்டிருப்பதாக இலவச வக்கீல் நளினி சொன்னதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"வீடு என் பேர்ல இருக்கு, சாப்!" என்று சிவபிரகாஷ் ஹிந்தியில் கத்தினான். அந்தக் குரலுக்குத் தெருவே கதவைச் சாத்தும். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக்கூட நிறுத்தவில்லை. கடைசியில் நிமிர்ந்து, ஹிந்தியிலேயே நாலு வாக்கியம் சொன்னார். யாரோ போக வேண்டும் என்பது மட்டும்தான் வைஜெயந்திக்குப் புரிந்தது.

வெளியே வந்ததும் வைஜெயந்தி நளினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரு போகணும்னாரு, மேடம்?"

"உங்க வீட்டுக்காரர்தான். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள. வீடு யார் பேர்ல இருந்தாலும் நீங்க குடும்பம் நடத்தின வீடு. உங்க பக்கமோ பாப்பா ஸ்கூல் பக்கமோ அவர் வரக்கூடாது."

"அவரா? அவரா போகணும்?" மூன்று தடவை கேட்டாள். அடேயப்பா, ஒரு கோர்ட்டுத் தாளுக்கு இவ்வளவு பலமா!

சாயங்காலம் பெண் போலீஸ் ஒருத்தி வாசலில் நின்றாள். கதவை உதைத்தே திறந்து பழகிய சிவபிரகாஷ், கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். "மேடம், துணிமணி மட்டும் எடுத்துக்கிறேன். உள்ளே போகலாமா?" என்று அந்தப் போலீஸிடம் கேட்டான். என் வீட்டு வாசலில் இவர் அனுமதி கேட்கிறாரா என்று வைஜெயந்தி எட்டிப் பார்த்தாள்.

பயம் போய்விடவில்லை. ஆனாலும் பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். புடவைகள் பீரோவுக்குப் போயின. சீருடையை ஆணியில் மாட்டினாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமை எனக்கு ஸ்கூலா, கப்பலா?" என்றாள் அமிர்தவல்லி.

"ஸ்கூல்தான்டி."

போலீஸ் தலையாட்டியபின் உள்ளே வந்த சிவபிரகாஷ் சட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, எதில் வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். வைஜெயந்தி காலிப் பையை அவன் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க. ஜிப் கொஞ்சம் சிக்கும், பார்த்து இழுங்க."