மூன்று பக்கம் கெட்ட அகழி

"இதுதான் நம்ம கோட்டை," என்றார் ட்ரெவர் ஸ்கில்லிங், கையை அகல விரித்து.

"எங்க?" என்றாள் ஹெஸ்டர்.

ஸ்கில்லிங் லண்டனில் குளியலறைச் சாமான் விற்றுப் பெரிய ஆளானவர். கிழக்கு இங்கிலாந்தில், சஃபோக்கின் இந்தக் களிமண் காட்டில் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கி, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். ஹெஸ்டர் பிராகெட் டாக்டர் பட்டம் வாங்கிய மாவட்டத் தொல்லியல்காரி. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பொக்லைன் இறங்கியிருக்கிறது என்று காதில் விழுந்ததும் காலைத் தேநீரைக் கூடக் குடிக்காமல் வந்துவிட்டாள்.

"நாலு பக்கமும் அகழி வெட்டியிருக்கான் பாருங்க. எதிரிக்குப் பயந்துதானே வெட்டியிருப்பான்?"

"எந்த எதிரி இந்தச் சேத்துக்கு வருவான்? அந்தக் காலத்துல பெரிய பிரபு அகழி வெட்டினான். அதப் பாத்து, கொஞ்சூண்டு நிலம் வச்சிருந்த இவனும் வீட்டச் சுத்திப் பள்ளம் தோண்டிக்கிட்டான். ஊர் மெச்சணும்ல. எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி உங்கள மாதிரியே ஒருத்தர் இங்க இருந்திருக்காரு, மிஸ்டர் ஸ்கில்லிங்."

ஸ்கில்லிங்கின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ எனக்கு முன்னாடியும் ரசனையுள்ள ஒருத்தர் இருந்திருக்காரு."

இந்தத் தோலில் ஊசி இறங்காது என்று ஹெஸ்டருக்குப் புரிந்தது. கடப்பாறைதான் வேண்டும்.

அகழியின் மேற்குப் பக்கம் இப்போது இல்லை. பொக்லைன் ஓட்டுகிற லென் கேட்டர்மோலின் அப்பா, இங்கே விவசாயம் பார்த்த காலத்தில், உடைந்த செங்கலையும் துருப்பிடித்த கலப்பையையும் கொட்டி அதை மூடிவிட்டு, மேலே பீட்ரூட் போட்டார். தெற்கையும் கிழக்கையும் போன வசந்தத்தில் ஸ்கில்லிங் "சுத்தம்" செய்தார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் இது. அகழி என்றால் தெளிந்த தண்ணீரும் அன்னமும் என்று நினைத்து, அடியில் கிடந்த கறுப்புச் சேற்றை மஞ்சள் களிமண் தெரிகிற வரை சுரண்டி எடுத்து ரோஜாச் செடிக்கு உரமாகப் போட்டுவிடுவார்கள். மரக்கிண்ணம், தோல், விதை, மகரந்தம் எல்லாம் காற்றுப் புகாமல் எழுநூறு வருடம் கெடாமல் கிடந்தது அந்தச் சேற்றில்தான். அவ்வளவையும் ரோஜா தின்றுவிட்டது. ரோஜாவும் நன்றாகப் பூக்கவில்லை.

இவ்வளவு கெட்டுப்போன இடத்தை எதற்குக் காப்பாற்றுவது என்று அரசாங்கமும் தன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டது. ஆகவே தடுக்கச் சட்டம் இல்லை. மிஞ்சியிருப்பது வடக்குப் பக்கம் ஒன்றுதான். அதன் கரையில் பொக்லைன் நின்றது. லென் முதல் வாளிச் சேற்றை ஏற்கெனவே அள்ளிப் புல்லில் கொட்டியிருந்தான்.

"அம்மணி, உங்களுக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்," என்று லென் ஒரு கறுப்புத் துண்டை நீட்டினான். "பிஞ்ச செருப்பு. என் பொண்டாட்டி இத விட நல்லதையே குப்பையில போடுறா."

செருப்பின் அடித்தோல். சிறிய பாதம், பெண்ணுடையதாக இருக்கலாம். குதிகால் தேய்ந்திருந்தது, தையல் துளைகள் அப்படியே தெரிந்தன. ஹெஸ்டர் அதைக் காயவிடாமல் ஈரச் சேற்றோடு பைக்குள் வைத்தாள்.

"ஏம்ப்பா லென், உங்கப்பன் ஒரு பக்கத்தக் கெடுத்தது போதாதா?"

"எங்கப்பன் மூடத்தான் செஞ்சாரு. அகழிக்கு நடுவுல, பழைய வீடு இருந்த மேட்டுல குழி தோண்டுனது யாரு? உங்க தொழில்லயே இருந்த வாத்தியாருதான. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பசங்களக் கூட்டிட்டு வந்து பன்னி மாதிரி கிளறிட்டுப் போனாரு. அதப் பத்தி ஒரு வரி எழுதினாரா?"

எழுதவில்லை. சுவர் எங்கே, அடுப்பு எங்கே என்று இனி ஒருவருக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் அது பழைய வியாதி. தோண்டுகிற வரைதான் ஆசை இருக்கும்.

ஸ்கில்லிங் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன நாத்தம் இது, டாக்டர்?"

அவளுக்கு வழி கிடைத்துவிட்டது.

"அந்தப் பழைய வீட்டுக் கக்கூஸ் வடக்குப் பக்கம்தான் இருந்திருக்கும். குளியலறைச் சாமான் விக்கிறவருக்கு நான் சொல்லணுமா? மொத்தமா நேரா இந்த அகழியில விழுந்தது. எழுநூறு வருஷமா மூடிக் கெடக்கு. நீங்க தொறந்து விட்டா இந்தக் கோடை முழுக்க நாறும். கல்யாணப் பொண்ணு படம் எடுக்கிறப்போ சிரிக்க மாட்டா."

ஸ்கில்லிங் இரண்டடி பின்னால் போனார். "லென், நிறுத்து. மூடிடு. சரளை கொட்டு, மேல வண்டி நிறுத்திக்கலாம்." பிறகு பெரிய மனசு பண்ணுகிறவர் போல அவள் பக்கம் திரும்பினார். "நீங்க ஆசப்படுறீங்க, தெரியுது. வேணுங்கிறத வெள்ளிக்கெழமைக்குள்ள தோண்டி எடுத்துக்கோங்க. அப்புறம் மூடிக்கிறேன்."

அன்று புதன்கிழமை.

இருபது வருடமாகக் கேட்டும் கிடைக்காத அனுமதி இது. பையில் இருந்த தோலின் ஈரம் விரலில் ஒட்டியிருந்தது. இரண்டே நாளில் என்ன கிடைக்கும்? இன்னும் சில செருப்பு, ஒரு கிண்ணம், செய்தித்தாளில் அவள் படம். மிச்சமெல்லாம் அடுக்குக் குலைந்து, காற்றுப் பட்டு வெடித்து, எங்காவது பெட்டியில் காயும். ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார். இவர்களை இவ்வளவு இளக்காரமாகப் பார்த்தவளுக்கு, தானும் அதே பொக்லைன்தான், கொஞ்சம் படித்த பொக்லைன், என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணம் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"வேணாம். மூடுங்க," என்றாள்.

லென் விழித்தான். "மூடிட்டா உங்க காலத்துல பாக்க முடியாதே, அம்மணி?"

"பாக்க முடியாது. அள்ளினத மொதல்ல உள்ள போடு. மேல துணி விரிச்சு, அதுக்கு மேல சரளை. பொக்லைன உள்ள எறக்காத, கரையிலயே நில்லு. மிஸ்டர் ஸ்கில்லிங், அடியில வடிகால் குழாய் மட்டும் போட்டுடாதீங்க. காஞ்சா எல்லாம் செத்துச்சு."

"குழாய் போடலன்னா விருந்தாளிங்க காலெல்லாம் ஈரமாகுமே?"

"ஆகட்டும். காலு ஈரமானா யாரும் செத்துட மாட்டாங்க. குழாய் போட்டா நாத்தம் அது வழியா மேல வரும், உங்க இஷ்டம்."

குழாய் வழியாக எந்த நாற்றமும் வராது. அது தெரியாத ஸ்கில்லிங், குழாய் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

மத்தியானத்துக்குள் சரளை வந்து இறங்கியது. ஹெஸ்டர் கரையில் நின்று, கடைசிக் கறுப்பு மறைகிற வரை லென்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

"பின்னால யாராவது வந்து தோண்டுவாங்களா, டாக்டர்?" என்று கேட்டார் ஸ்கில்லிங்.

"வருவாங்க. நம்ம மூணு பேர விட அறிவுள்ளவங்களா வந்தா நல்லது," என்று அவள் பூட்ஸ் சேற்றைப் புல்லில் தேய்த்தாள். "அதுக்கு ரொம்பப் பெரிய அறிவும் வேணாம்."