இடது பக்கக் கீல்

இடது காதுக் கம்பியின் திருகு தளர்ந்திருக்கிறது. அதனால்தான் இந்த அம்மாளுக்குக் கண்ணாடி ஓயாமல் சரிகிறது. அரைச் சுற்று முடுக்கினால் போதும். திருப்புளி என் பையிலேயே இருக்கிறது. கேட்டால் கழற்றிக் கொடுப்பார்களா?

கேட்கவில்லை. மகள் யாரிடம் வளர்வது என்று பேச வந்த இடத்தில், குடும்ப நீதிமன்ற ஆலோசகரின் மூக்குக்கண்ணாடியைப் பற்றி யோசிக்கிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு இதே அறையில் மேசையை விட்டு அவள் கண்ணையே எடுக்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் கணவன். அவனை ஒட்டி அவன் தங்கை. அவன் வாயையும் சேர்த்து அவள்தான் வைத்திருந்தாள். ஒரு வெள்ளைத் தாளையும் திறந்த பேனாவையும் இவள் பக்கம் தள்ளினாள்.

"ஒரே ஒரு வரி, அண்ணி. அஞ்சு தடவையும் கண்ணாடி கை தவறி விழுந்து உடைஞ்சுதுன்னு எழுதிக் குடுங்க. அண்ணன் இன்னிக்கே கேஸை வாபஸ் வாங்கிடுவான். பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும். சனி ஞாயிறு மட்டும் எங்க வீட்டுக்கு அனுப்புங்க. பெத்த அப்பன் புள்ளையைப் பாக்க, பக்கத்துல ஒரு ஆள் காவலா? வெளிய சொல்லவே நாக்கு கூசுது."

இப்போது அவன் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், சந்திப்பு மையத்தில், ஒரு பணியாளர் கூட இருக்க மகளைப் பார்க்கிறான். அந்தக் கூட இருக்கும் ஆளைத்தான் அந்த ஒரு வரி எடுத்துவிடும்.

அவள் கண்ணாடியைப் பழுதுபார்த்த ஐந்து சீட்டுகளும் மேசைமேல் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவனே அவன்தான். மனைவி கவனமில்லாதவள், ஒரே வருடத்தில் ஐந்து முறை கண்ணாடியை உடைத்தவள், அவளை நம்பிக் குழந்தையை எப்படி விடுவது என்று மனுப் போட்டான். வீட்டில் கிடந்த அந்தச் சீட்டுகளைத் தேடி எடுத்து, தேதி வாரியாக அடுக்கி இணைத்திருந்தான். எத்தனை சீட்டு என்று எண்ணினானே தவிர, ஒன்றையும் படிக்கவில்லை.

கண்ணாடிக் கடை அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே, எப்படி உடைந்தது என்று சீட்டின் அடியில் பொடி எழுத்தில் எழுதாமல் கண்ணாடியைத் தொடவே மாட்டாள். ஐந்திலும் ஒரே வரிதான் இருந்தது: 'இடது கீல் உள்பக்கமாக அழுந்தி முறிந்தது. கண்ணாடியில் கீறல் இல்லை.' போன முறை ஆலோசகர் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டபோது, கடை அக்கா நேரில் வந்து, கண்ணாடி முகத்தில் இருக்கும்போது அறை விழுந்தால்தான் அப்படி முறியும் என்று தன் முகத்திலேயே விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்துதான் இந்தச் சமாதானப் பேச்சு.

ஐந்தாம் முறை போனபோது அக்கா ஒன்றும் கேட்கவில்லை. சீட்டை எழுதி முடித்துவிட்டு, "எனக்கு வேலைக்கு ஒரு ஆள் வேணும். நல்லா கண்ணு தெரிஞ்ச ஆளா" என்றாள். கண்ணாடியைக் கழற்றினால் கதவுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாதவளைப் பார்த்து! அந்தக் கடையிலேயே சேர்ந்து வேலை கற்றுக்கொண்டாள்.

இத்தனை நாளும் அந்தச் சீட்டுகளை நினைத்தால் அவளுக்கு உடம்பு குறுகும். இன்று ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியையும் நேரத்தையும் பார்த்தாள். எல்லாமே காலையில், கடை திறந்த நேரத்தில் எழுதியவை. அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் விடிந்ததும் முதல் வேலையாக, வீங்கிய கன்னத்தோடு தெருவில் நடந்து போயிருக்கிறாள். தெளிவாகப் பார்க்காமல் ஒரு நாளைக்கூட ஓட்ட அவள் சம்மதிக்கவில்லை. அந்தப் பெண்ணைத்தானா இவ்வளவு காலம் கோழை என்று நினைத்திருந்தோம்? கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வெளியே நடைபாதையில் மகளின் குரல் கேட்டது. ஏழு வயதின் முழு சத்தம். கடை அக்காவோடு உட்கார்ந்திருந்தவள் காவலாளியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, எங்கம்மா உங்க கண்ணாடியப் பாத்தாலே நீங்க குப்புறப் படுத்துத் தூங்குறவரான்னு சொல்லிடுவாங்க, தெரியுமா?"

"ஐயையோ, டியூட்டியில தூங்குறதையும் சொல்லிடுவாங்களா பாப்பா?"

ஆலோசகருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. கணவன் மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்தான்.

"எழுதிக் கையெழுத்துப் போடு."

அதே பழைய குரல். உரக்க இல்லை. அவள் இடது கை தன்னால் எழுந்து காதுப் பக்கம் போனது. பாதியில் அதைக் கவனித்தாள். மெதுவாக இறக்கி மேசைமேல் வைத்தாள். அவன் பார்க்கட்டும் என்று விரல்களை விரித்தே வைத்தாள். கம்பி முறுக்கி முறுக்கிக் காய்த்த விரல்கள்.

"கட்டாயம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் ஆலோசகர், சரிந்த கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி. "ஒத்துக்கலன்னா கேஸ் தொடரும். தீர்ப்பு எப்படி வரும்னு என்னால சொல்ல முடியாது. நல்லா யோசிங்க."

"என்ன அண்ணி யோசனை? ஒரு வரிக்கு இவ்வளவு ராங்கியா?"

யோசித்தாள். இன்றைக்கே முடிந்துவிடும். மகளோடு பயமில்லாமல் வீட்டுக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும்.

பேனாவை மூடினாள். ஐந்து சீட்டுகளையும் தேதி வரிசையில் அடுக்கி, எழுதாத தாளின் மேல் வைத்து, ஆலோசகர் பக்கம் நகர்த்தினாள்.

"விழுந்திருந்தா கீறல் இருக்கும் மேடம்," என்றாள். "எங்க கடைச் சீட்டுல நடந்ததைத்தான் எழுதுவோம். மாத்தி எழுத என்னால முடியாது."