மெக்காலே வீட்டுப் பெண்ணின் புத்தாண்டுப் பாட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருடத்தின் கடைசி நாள் சனிக்கிழமையாக வந்து தொலைத்தது. டார்க்கில் மெக்காலே ஸ்காட்லாந்தின் வடமேற்கே இருக்கும் லூயிஸ் தீவிலிருந்து கப்பலேறி, ரயிலேறி, கிளாஸ்கோ வந்து இறங்கியதற்கு அது ஒன்றுதான் காரணம்.

அவருடைய மகள் ஷோனக் அன்றிரவு தொலைக்காட்சியில் பாட இருந்தாள். பன்னிரண்டு அடித்ததும் புத்தாண்டின் முதல் பாட்டு அவளுடையது. மற்ற வருடமென்றால் பெருமைதான். இந்த வருடம் பன்னிரண்டு அடித்தால் ஞாயிறு பிறந்துவிடும். லூயிஸில் ஓய்வுநாளில் யாரும் வலை வீசுவதில்லை, துணி காயப்போடுவதில்லை. மெக்காலே குடும்பத்தில் நாலு தலைமுறையாக அந்த நாளில் ஒருவரும் கூலிக்குக் கையை அசைத்ததில்லை. டார்க்கில் இருபத்திரண்டு வருடமாக ஊர்த் திருச்சபையின் மூப்பர். ஆலயத்தில் வேதாகமச் சங்கீதங்களுக்கு முதல் குரல் எடுத்துக் கொடுப்பவரும் அவரே. மகள் ஸ்காட்லாந்து முழுக்கப் பார்க்க ஓய்வுநாளை மீறினால், மூப்பர் இருக்கையில் அவர் இனி உட்காரமாட்டார். எழுந்திருக்கச் சொல்லி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

ஷோனக்கும் சும்மா மேலே வந்துவிடவில்லை. பகலில் கிளாஸ்கோ டெலிபோன் நிலையத்தில் வேலை, மாலையில் தீவுக்காரர்கள் கூடும் மண்டபங்களில் பாட்டு என்று பன்னிரண்டு வருடம். பாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம், பிறகு வானொலி, பிறகு தொலைக்காட்சி. 'ஷோனா மேக்' என்று பெயரைச் சுருக்கச் சொன்னார்கள். பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடவேண்டாம் என்று டார்க்கில் கடிதம் எழுதினார். அவள் கழற்றவில்லை.

அன்று மத்தியானம் தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பனை அறையில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கப்பா."

"நிக்கிறேன். பாடப்போறியா இல்லையா, அதைச் சொல்லு."

"நான் பாடலேன்னா அந்த இடம் பேஸ்லி ஊர்ப் பாடகிக்குப் போயிடும். அவ என் கவுனைக்கூட அளவு பாத்துட்டா."

"போகட்டும்."

அதற்குள் நிகழ்ச்சியை நடத்தும் ரென்னி நுழைந்தான். குட்டையான கிளாஸ்கோக்காரன். வாய் மட்டும் நீளம்.

"வாங்க சார்! உங்க ஊர்ல சனிக்கிழமையே சேவலைத் தனியா கூடை போட்டுக் கவுத்துடுவீங்களாமே? ஞாயித்துக்கிழமை அது கோழி பக்கம் போயிடக் கூடாதுன்னு?"

"என் சேவல் கிழடு. அதுக்குக் கூடை தேவையில்ல."

ரென்னி சிரித்தான். "மூணே நிமிஷம் சார். ஆண்டவர் தூக்கம் கலையாது."

"அவர் தூங்குறதில்ல."

"ரென்னி, விடுங்க," என்றாள் ஷோனக். "பன்னெண்டுக்கு அப்புறம் நான் பாடல. அப்பா கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். அவளையே பாடச் சொல்லுங்க."

ரென்னியின் முகம் தொங்கிப்போனது. "யோசிச்சுச் சொல்லும்மா. இந்தப் பாட்டை நீ பாடினா, வசந்தத்துல உன் பேர்ல தனி நிகழ்ச்சின்னு மேலிடத்துல பேசி வெச்சிருக்கேன். இல்லேன்னா அதுவும் போச்சு."

"போகட்டும்."

அவருடைய அதே சொல். டார்க்கில் மகளைப் பார்த்தார். அவள் கண் கலங்கவில்லை, முதுகு வளையவில்லை. தான் வந்திருக்கவே வேண்டாம் என்று புரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, இப்படிப்பட்டவள் கையிலிருந்து அந்த இடம் போவது பொறுக்கவில்லை.

"வர்ற வழியில ஒரு ரூம்ல பெரிய மெஷின் சுத்துதே, அது என்ன?" என்று கேட்டார்.

"டேப்பு சார். மத்தியானம் ஆடுற ஃபுட்பாலைப் பதிஞ்சு ராத்திரி காட்டுவோம்."

டார்க்கில் தொப்பியை மேசைமேல் வைத்தார்.

"எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமைக்கு வேண்டிய தண்ணிய சனிக்கிழமையே எடுத்து வெச்சிடுவோம். உருளைக்கிழங்கும் உரிச்சு வெச்சிடுவோம். மறுநாள் அதைச் சாப்பிட்டதுக்கு எந்தப் போதகரும் எங்களைக் கேட்டதில்ல. இவ இப்பவே பாடட்டும். நீங்க எப்ப வேணா காட்டுங்க."

ரென்னி வாயைப் பிளந்தான். "அப்போ ஞாயித்துக்கிழமை அதைப் பாக்குறவங்களோட பாவம்?"

"அது அவங்க பாடு. என் வீட்டுக்குத்தான் நான் பொறுப்பு. ஆனா ஒண்ணு. இது சனிக்கிழமை பாடினதுன்னு எழுத்துல போடணும்."

"ஐயோ! புது வருஷத்து முதல் பாட்டுக்கு, பழசுன்னு சீட்டு ஒட்டச் சொல்றீங்களே!"

"எழுத்து இல்லேன்னா பாட்டும் இல்ல," என்றாள் ஷோனக்.

ரென்னி கூரையைப் பார்த்தான். பிறகு மெஷின்காரனைத் தேடிக்கொண்டு ஓடினான்.

வாத்தியக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஃபுட்பால் தொடங்கினால் டேப் மெஷின் அதற்குப் போய்விடும், காத்திருக்க நேரமில்லை. துணையில்லாமல், ஊரில் பாடுவதுபோல வெறும் குரலில் பாடவேண்டும். இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் சுருதி மேலே போய் நிறுத்தினாள். மூன்றாம் முறை கேமராவுக்குப் பின்னாலிருந்து டார்க்கில் தொண்டையைச் செருமி, ஆலயத்தில் கொடுப்பதுபோல ஒரே ஒரு சுரம் கொடுத்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கடலுக்குப் போன படகு ஒவ்வொன்றாகக் கரை திரும்பும் பாட்டு. சூயிங்கம் மென்றுகொண்டிருந்த கேமராக்காரன் மெல்வதை மறந்தான்.

மறுநாள் காலை, தீவுக்காரர்கள் கூடும் கிளாஸ்கோ ஆலயத்தின் வாசலில், அவர்கள் ஊர்க்காரர் மாரிசன் வழிமறித்தார். அவரும் ஒரு மூப்பர்.

"டார்க்கில், உன் பொண்ணு ஓய்வுநாள் பொறந்தப்புறம் பாடிட்டாளே! இனி மூப்பர்னு எந்த முகத்தோட நிப்ப?"

"அவ பாடினது சனிக்கிழமை மத்தியானம். நான் பக்கத்துல நின்னேன். எழுத்துலயும் போட்டாங்களாமே, நீ பாக்கலையா?"

"எழுத்தைப் பாத்தேன், அதுக்காக..." என்று தொடங்கிய மாரிசன் நிறுத்திக்கொண்டார். காது சிவந்தது. சுற்றி நின்றவர்களுக்குத் திடீரென்று காலணிகளைக் குனிந்து பார்க்கும் வேலை வந்துவிட்டது. அத்தனை பேருமே ஓய்வுநாள் பிறந்த பிறகும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் போலும்.

டார்க்கில் தலையை நிமிர்த்தி, மகளோடு முன்வரிசைக்கு நடந்தார்.

"காலைல ரென்னி ஃபோன் பண்ணினாரு," என்று ஷோனக் காதோரம் கிசுகிசுத்தாள். முகம் பூத்திருந்தது.

"என்ன சொன்னான்?"

"வேலை விஷயம்ப்பா. நாளைக்குச் சொல்றேன்."

"சும்மா சொல்லும்மா."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை," என்று சொல்லிவிட்டு அவள் சங்கீதப் புத்தகத்தைத் திறந்தாள்.

டார்க்கில் மெக்காலே வாழ்நாளில் முதல் முறையாக, ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் முடியாதா என்று ஏங்கினார்.