நாலு தந்தி போதும்

யெர்மூன் தன் பிடிலைக் கம்பளியில் சுற்றி, செத்த ஆட்டுக்குட்டியைத் தூக்கிவருவதுபோல் என் பட்டறைக்குக் கொண்டுவந்தான். நார்வேயில் எங்கள் டெலமார்க் பக்கத்தில் அவன் வாசிப்பில்லாமல் மணப்பெண் தேவாலயத்துக்குப் புறப்பட்டதில்லை. அந்த இலையுதிர் காலத்தில் ஊர் ஊராகப் போகும் போதகர் ஒருவர் வந்து மூன்று வாரம் தங்கினார். அவர் கிளம்பும்போது யெர்மூன் ஜெபக்கூட்டத்து ஆளாகியிருந்தான்.

“அடித்தந்தியெல்லாம் கழட்டிடு, ஓஸ்னேக்கா. மேல நாலு தந்தி போதும். அப்படின்னா ஞானப்பாட்டு வாசிக்க வெச்சுக்கலாம்னு கூட்டத்துல ஒத்துக்கிட்டாங்க. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை ஊர்ல மத்தவங்க பிடிலோட இதையும் எரிச்சிடணும்.”

“அடித்தந்தி என்னப்பா பாவம் பண்ணிச்சு?”

“விரலும் படல, வில்லும் படல. தானா பாடுது. பாட வைக்கிறது யாரு?”

“மேல வாசிச்சா கீழ அதிருது. உன் பொண்டாட்டி கத்தினா என் வீட்டு ஜன்னல்கூடத்தான் அதிருது. அவளுக்குள்ள பிசாசா இருக்கு?”

அவன் சிரிக்கவில்லை. “இது போயிட்டா எனக்குன்னு ஒண்ணும் இல்லக்கா. கழட்டிக் கொடு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் போன பிறகு நான் தனியாகச் செய்த முதல் பிடில் அது. கைப்பலகையில் முத்துச்சிப்பி பதித்து, தலையில் சிங்கமுகம் செதுக்கி, உடம்பு முழுக்க மையால் கொடியும் பூவும் வரைய ஒரு குளிர்காலம் பிடித்தது. சொன்னபடி ஐந்து அடித்தந்திகளையும் கழற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

சுவரில் ஆறு பிடில்கள் தொங்கின. தொங்குகிற பிடிலின் தந்திகளை நாங்கள் தளர்த்தியே வைப்போம்; தளர்ந்த தந்தி கூடப் பாடாது. யெர்மூனுக்கும் அது தெரியும். நானோ அந்த ஆறு பிடில்களின் அடித்தந்திகளையும் முறுக்கி, ஜெபக்கூட்டத்தில் முதலில் பாடும் ஞானப்பாட்டுக்குச் சுருதி சேர்த்து வைத்தேன். கடவுள் பாட்டுக்கும் இவை கூடவே பாடும் என்று அவன் காதால் கேட்கட்டும், வாயடைத்துப் போகட்டும் என்ற வீம்புதான்.

சனிக்கிழமை வந்தான். “வாசிச்சுப் பாரு,” என்றேன்.

நான் நினைத்த அதே பாட்டை எடுத்தான். முதலில் வறண்ட மரச்சத்தம்தான். இரண்டாம் அடியில் சுவர் மெல்லக் கூடப் பாடத் தொடங்கியது. அவன் சட்டென்று வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தான். சத்தம் நிற்கவில்லை.

“கேட்டியா?” என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பிடிலைத் திருப்பி, அடித்தந்திகள் இருந்த வெறும் துளைகளைத் தடவிப் பார்த்தான்.

“கழட்டின பிறகும் பாடுதேக்கா.”

பசை காய்ச்சும் அடுப்பு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. நான் எழுவதற்குள் பிடிலை அதற்குள் வைத்துவிட்டான். வார்னிஷ் உடனே பிடித்துக்கொண்டது. இடுக்கியால் இழுத்தேன், சிங்கத்தலை மட்டும் கையோடு வந்தது.

“பாடினது சுவத்துல இருக்கிறதுங்கப்பா. நான்தான் நேத்து சுருதி சேர்த்து வெச்சேன். உன்னை மடக்கணும்னு பண்ணினேன். நீ இத்தனை நாள் வாசிச்சதுல ஒண்ணும் தப்பில்ல, அந்தப் பிடில்ல பிசாசும் இல்ல.” அழுதுகொண்டே சொன்னேன்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தட்டிக்கொடுத்தான்.

“என்னைத் தேத்துறதுக்காகப் பொய் சொல்லாதக்கா,” என்றான்.