கல்யாணப் பல்

நோலாவுக்கு இருபத்தொரு வயது நிறைந்த அன்று, கேக்கை வெட்டிய கையோடு அவளுடைய அப்பா கிளாரி கரண்டியால் மேசையைத் தட்டினார். கோதுமை விலையையும் ஆட்டு விலையையும் தவிர வேறு எதைப் பற்றியும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனுஷன் அவர். அதனால் எல்லாரும் சட்டென்று அடங்கினார்கள்.

"பிப்ரவரியில இவளுக்கும் ஆல்பிக்கும் கல்யாணம். அதுக்குள்ள பல்லு வேலையை நான் முடிச்சுக் கொடுத்துடறேன். மேல் வரிசை, கீழ் வரிசை, ரெண்டும் புத்தம் புதுசு. பெரிலுக்கு எப்படிச் செஞ்சேனோ அப்படியே."

கைதட்டல் எழுந்தது. அக்கா பெரில் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் கட்டிய அவளுடைய கல்யாணப் பல், சிரிக்கும்போது பீங்கான் தட்டு மாதிரி ஒரே சீராகப் பளபளத்தது. நோலாவும் சிரித்துவைத்தாள். வேறென்ன செய்வது, இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

விம்மேரா வட்டாரத்தின் கோதுமைப் பண்ணைகளில் அந்த ஐம்பதுகளில் இது ஊரறிந்த வழக்கம். பெண்ணைக் கட்டிக்கொடுக்குமுன் அவள் வாயிலிருக்கும் பல்லையெல்லாம் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டி அனுப்பினால்தான் தகப்பனுக்குப் பெருமை. நாளைக்குப் பல்வலி, பல் டாக்டர் என்று மாப்பிள்ளை அலையக்கூடாது பாருங்கள். கேட்பவர்களுக்குக் கொடுமையாகத் தெரியும். அங்கே அதற்குப் பெயர் பாசம். கோபத்தை எதிர்த்துச் சண்டை போடலாம், பாசத்தை எதிர்த்து எந்தப் பக்கம் நின்று சண்டை போடுவது?

அதிலும் நோலாவின் பல் ஒன்றுகூட வலித்ததில்லை. அதாவது, ஒரே ஒரு தடவையைத் தவிர. ஒன்பது வயதில், அறுவடை நேரத்தில், கடைவாய்ப் பல் ஒன்று ஒரு வாரம் அவளைத் தூங்கவிடாமல் படுத்தியது. டவுனுக்குப் போக யாருக்கும் நேரமில்லை. கடைசியில் அப்பா கொட்டகையில் வைத்துக் குறடால் பிடுங்கி எறிந்தார். ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்த அந்தச் சிறுமி, இனி ஒரு பல்லைக்கூட இப்படிப் போகவிடுவதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காலையில் ஒரு தரம், படுக்கப்போகுமுன் ஒரு தரம் பல் விளக்கினாள். பேஸ்ட் தீர்ந்துபோனால் உப்பு. முதலில் ஈறில் ரத்தம் வந்தது. விளக்குவதை விட்டுவிடு என்றார்கள் வீட்டில். விட்டுவிட்டால்தான் இன்னும் கெடும் என்று ஏதோ ஒரு பெண்கள் பத்திரிகையில் படித்திருந்தாள். இன்னும் மெதுவாக, இன்னும் பொறுமையாக விளக்கினாள், மூன்றே வாரத்தில் ரத்தம் நின்றது. தையல் நூலைப் பல்லிடுக்கில் விட்டு இழுத்துச் சுத்தம் செய்தாள். டீயில் சீனி போடுவதை நிறுத்தினாள். போகிற வீடுகளில் எல்லாம் இதனால் கெட்ட பெயர். "எங்க வீட்டுச் சீனி கசக்குதாக்கும்!" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு.

குளியலறை அலமாரியில் ஒவ்வொரு காலையும் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் இருக்கும். ஒன்றில் அப்பாவின் பல், ஒன்றில் அம்மாவின் பல். பக்கத்தில் ஒரு தகரக் குவளையில் நோலாவின் பிரஷ். அந்த வீட்டில் பல் விளக்கும் ஒரே ஜீவன் அவள். யாரும் தடுக்கவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஒருத்தி தன்னந்தனியாக ஒரு காரியத்தைச் செய்துகொண்டு வந்தாள், அது வீட்டிலிருந்த ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஒரு ஆள் சொன்னால் போதும், அப்பா கேட்டுக்கொள்வார். அந்த ஒரு ஆள் ஆல்பிதான். அவனோ முப்பது மைல் தள்ளியிருக்கும் பண்ணையில், ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும் வேலையில் மூழ்கிக் கிடந்தான். நோலா டெலிபோனைச் சுழற்றினாள். அந்தப் பக்கத்தில் ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கம்பி. யார் பேசினாலும் மற்ற ஆறு வீடும் ரிசீவரை எடுத்துக் கேட்கலாம், கேட்கவும் செய்தார்கள்.

"ஆல்பி, அந்தப் பல்லு விஷயம்..."

"ம், உங்கப்பா சொன்னாரு. பெரிய மனசு அவருக்கு."

"என் பல்லு நல்லாத்தான் இருக்கு. உனக்கே தெரியும்ல?"

கம்பியில் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. "நல்லாத்தான் இருக்கு," என்றான் ஆல்பி தயங்கித் தயங்கி. "ஆனா உங்கப்பா ஆசைப்பட்டுச் செய்யறாரு..."

"நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"நான் எப்படி நோலா..."

"அடிப் பொண்ணே, சும்மா போய்ப் பிடுங்கிக்கோ!" என்று மூன்றாவது குரல் ஒன்று நடுவில் புகுந்தது. நாலாவது பண்ணை மிஸஸ் டன்ஸ்டன். "நான் நாப்பத்தொம்பதாம் வருஷம் பிடுங்கினேன். அதுக்கப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் பல்வலின்னு படுத்திருப்பேனா? பாவம் அந்தப் பையன், அவன் என்னத்தைச் சொல்லுவான்!"

"மிஸஸ் டன்ஸ்டன், போனை வையுங்க," என்றான் ஆல்பி.

"வச்சுட்டேன் வச்சுட்டேன்," என்றாள் அவள், வைக்காமல்.

அதற்குமேல் என்ன பேசுவது? ஆடுகள் எத்தனை முடிந்தன என்று கேட்டுவிட்டு நோலா ரிசீவரை மாட்டினாள். ஆல்பி கெட்டவன் இல்லை. அப்பாவும் கெட்டவர் இல்லை. மிஸஸ் டன்ஸ்டன்கூட, வாய் நீளம் என்றாலும், நல்லவள்தான். சுற்றிலும் நல்லவர்களாக இருக்கும்போது ஒருத்தி எவ்வளவு தனியாக இருக்க முடியும் என்பதை நோலா அந்த வாரம் தெரிந்துகொண்டாள்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை அப்பா அவளை டிரக்கில் கொண்டுபோய்ப் பல் டாக்டர் வாசலில் இறக்கிவிட்டு, ஆட்டுச் சந்தைக்குப் போனார். நாலு மணிக்குத் தபாலாபீஸ் முன்னால் வந்து ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. அன்றைக்கு மேல் வரிசை, அடுத்த வாரம் கீழ் வரிசை. ஈறு ஆறி, பல் கட்ட மூன்று மாதம். பிப்ரவரிக்குக் கணக்குச் சரியாக இருந்தது.

மிஸ்டர் பென்ரோஸ் கை கழுவிக்கொண்டே கேட்டார். "எதும்மா வலிக்குது?"

"எதுவும் வலிக்கல."

"ஈறுல ரத்தம்?"

"சின்ன வயசுல வந்துச்சு. இப்ப இல்ல."

அவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். இரும்புக் கொக்கியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார், ஈறோரமாகச் சுரண்டிப் பார்த்தார். கடைசிவரை போய், நம்பாதவர் போல மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். 

"முப்பத்தொண்ணு. ஒண்ணுகூடச் சொத்தை இல்ல. இந்த இடத்துல இருந்ததை யார் பிடுங்கினது?"

"அப்பா. குறடால."

"மிச்சத்தை யார் பார்த்துக்கிட்டது?"

"நான்தான்," என்றாள் நோலா. சொன்னதும் கண்ணில் தண்ணீர் முட்டியது. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்டிருக்கிறார், அதுவும் பிடுங்கப்போகிறவர்.

பென்ரோஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இந்த நாற்காலிக்கு வர்ற பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்கு ஏற்கெனவே வாய் பாழாப் போயிருக்கும். பிடுங்கறதுல எனக்கு வருத்தமில்ல. நல்ல பல்லையும் பிடுங்கியிருக்கேன், பொய் சொல்லல. அப்பன் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவான், நான் வேலையை முடிச்சு அனுப்புவேன்." ஒரு காகிதத்தையும் பேனாவையும் அவள் மடியில் வைத்தார். "உனக்கு இருபத்தொண்ணு ஆயிடுச்சு. இனி உங்கப்பா கையெழுத்து செல்லாது. நீதான் போடணும். சொல்லு, வேணுமா, வேண்டாமா?"

பக்கத்தில் மயக்க வாயுவின் ரப்பர் முகமூடி தொங்கிக்கொண்டிருந்தது. நோலா பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போட்டால் ஊரோடு ஒத்துப்போகலாம், அப்பா முகம் வாடாது, பெரில் கட்டிக்கொள்வாள். போடாவிட்டால் முப்பத்தொரு பல் மிஞ்சும். அவ்வளவுதான் மிஞ்சும்.

"வேண்டாம்," என்றாள்.

"சந்தோஷம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போ," என்று பென்ரோஸ் எழுந்தார். "வீட்டுல போய்ச் சொல்றது உன் பாடு. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

தபாலாபீஸ் முன்னாலிருந்த பெஞ்சில் ஐந்து மணி நேரம் காத்திருந்தாள். அம்மா ரத்தம் துடைக்கக் கொடுத்தனுப்பிய பெரிய கைக்குட்டை கையில் இருந்தது. தெரிந்தவர்கள் யாரும் பேச்சுக் கொடுத்துவிடக்கூடாதே என்று அதை வாயில் பொத்திக்கொண்டாள். அது நன்றாகவே வேலை செய்தது. ரொட்டிக்கடைக்காரர் தொப்பியைத் தூக்கினார். பெயர் தெரியாத ஒரு பெண் தோளைத் தட்டி, "ரெண்டு நாள்தான் கண்ணு, சரியாயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவிடம் சொல்ல வேண்டியதை நோலா மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

டிரக் வந்து நின்றது. அப்பா இறங்கி வந்து அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டார். பிறந்ததிலிருந்து அவர் செய்யாத காரியம் அது. இருக்கையில் ஒரு தலையணை வேறு இருந்தது. நோலா கைக்குட்டையை இறக்கப் போனாள்.

"பேசாத, பேசாத," என்று பதறினார் அவர். "வாயைத் திறந்தா காத்து பட்டு வலிக்கும். எனக்குத் தெரியாதா? நீ சும்மா வா. நான் பேசறேன்."

பேசவும் செய்தார். இருபது மைல் தூரம், பள்ளம் வரும் இடத்திலெல்லாம் டிரக்கை நத்தையாக ஊரவிட்டுக்கொண்டு பேசினார். தனக்குப் பல் பிடுங்கிய அன்று ஓட்டல் பின்புறம் போய்க் குழந்தை மாதிரி அழுததைச் சொன்னார். "உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது." நோலா பிறந்த வருஷம் மழையே இல்லாமல் நிலத்தை விற்க இருந்ததையும், தொட்டிலில் அவள் கிடந்த கிடையைப் பார்த்து அந்த எண்ணத்தை விட்டதையும் சொன்னார். "உன்னை அனுப்பிட்டு அந்த வீட்டுல எப்படி இருக்கப்போறேனோ, தெரியலம்மா," என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இப்படி ஒரு அப்பா தனக்கு இருப்பது நோலாவுக்கு இதுவரை தெரியாது. கைக்குட்டையை எடுத்தால் இந்த அப்பா போய்விடுவார். எடுக்கவில்லை. இல்லாத வலிக்குக் கிடைத்த பரிவை, திருடி மாதிரி, வீட்டு வாசல்வரை வாங்கிக்கொண்டே வந்தாள்.

அம்மா ஐவி சமையலறையில் வெந்நீரும் கிழித்த துணியும் எடுத்துவைத்துக் காத்திருந்தாள். மேசையில் ஒரு கிண்ணம் கஸ்டர்டு, மெல்லாமல் விழுங்க. "வா, உக்காரு. திற, துணி மாத்தணும்."

நோலா வாயைத் திறந்தாள்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. அவள் தோளுக்கு மேலாக அப்பாவும் பார்த்தார்.

"என்ன இது?"

"நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்ப்பா."

"வழியெல்லாம் வாயே திறக்கலையே நீ!"

"நீங்கதான் பேசாதன்னு..."

அவர் முகம் சிவந்தது. கோபம் என்றால் நோலா தாங்கியிருப்பாள். கோபம் கொஞ்சம்தான். வழியில் தான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு நினைவுக்கு வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பியை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டார். இனி இந்த ஜென்மத்தில் அவர் தன்னிடம் அப்படிப் பேசப்போவதில்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நோலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"திற," என்றாள் அம்மா மறுபடியும்.

ஈர விரலை உள்ளே விட்டு, முன்பல்லிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனாள். மேல் வரிசை முழுக்க. பிறகு கீழ் வரிசை. ஈறையும் அழுத்திப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது, எண்ணுகிறாள்.

"என்னோடதும் இப்படித்தான் இருந்துச்சு," என்றாள். "முப்பத்திரெண்டும் இருந்துச்சு. ஒண்ணுகூட வலிச்சதில்ல."

நோலா வாயைத் திறந்தபடியே அவளைப் பார்த்தாள்.

"பென்ரோஸ் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலம்மா. வேணுமா, வேண்டாமான்னு கேட்டாரு."

அம்மா விரலை ஏப்ரனில் துடைக்க மறந்து நின்றாள்.

"அப்படிக்கூடக் கேப்பாங்களா?" என்றாள்.